ஆயில் டெம்ப் மீட்டர் 140 காட்டுது, பிரஷர் சரியா இருக்கு: எதை நம்புறது?

ஒத்த லாரிக்காரி (ரங்கூன்)

நான் டிரைவரும் இல்ல, மெக்கானிக்கும் இல்ல. அப்பா விட்டுட்டுப் போன ஒரே லாரியை வச்சு ரங்கூன்–தவுன்ஜீ லைன் பாக்குறேன். ஜப்பான்ல ஓடி முடிச்சு இங்க வந்த வண்டி, 6 சிலிண்டர் டீசல், 24 வோல்ட். ஓட்டுறவர் அப்பா காலத்து ஆளு, பர்மாக்காரர், நான் அகோஜீன்னு கூப்பிடுவேன். மேல போகும்போது பாயிண்ட்நாங் மார்க்கெட்ல இருந்து ஙப்பி (மீன் விழுது), கருவாடு, எண்ணெய் டின். கீழ வரும்போது தக்காளி, முட்டைக்கோசு, அவுங்பான் உருளைக்கிழங்கு.

போன வெயில் காலத்துல ஆயில் கூலர் உள்ளுக்குள்ள ஓட்டையாகி ஆயில்ல தண்ணி கலந்துருச்சு. டிப்ஸ்டிக்கை உருவினா பால் டீ மாதிரி இருந்துச்சு. கூலரை மாத்தினதும், இனிமே சூடு ஏறினா முன்னாடியே தெரியணும்னு தனியா ஒரு ஆயில் டெம்ப் மீட்டர் வாங்கிப் போட்டேன். வண்டியோட வந்தது தண்ணி முள்ளும் ஆயில் பிரஷர் முள்ளும் மட்டும்தான். புது மீட்டர் 50 டிகிரியில இருந்து 150 வரைக்கும் காட்டும். முகத்துலயே 24 வோல்ட்னு அச்சடிச்சிருக்கு.

மாட்டின நாள்ல இருந்து நிம்மதி போச்சு. டவுங்கு தாண்டி சமதரையில போகும்போதே 118, 120. தாஸி தாண்டி, யின்மாபின்ல இருந்து கலோ மேடு ஏறும்போது 138, 140. அகோஜீ வண்டியை ஓரம் கட்டிட்டு மீட்டரை போட்டோ எடுத்து போன்ல வைபர் ஆப்ல அனுப்புவார். நான் இங்க கணக்கு நோட்டை மூடி வச்சிட்டு அவர் அடுத்த மெசேஜுக்குக் காத்திருப்பேன். தக்காளி ஏத்தின வண்டி மேட்டுல, இறக்கத்துல எங்க நின்னாலும் எனக்குத்தான் நஷ்டம்.

நாங்க கவனிச்சதைச் சொல்றேன். தண்ணி முள் நடுவுல இருந்து அசையறதே இல்ல. மேட்டுல நிறுத்தி ஐடில்ல விட்டாலும் ஆயில் பிரஷர் வழக்கமான இடத்துலதான் நிக்குது. கடைசியா ஒண்ணு: ராத்திரி ஹெட்லைட் போட்டா ஆயில் டெம்ப் முள் இன்னும் கொஞ்சம் மேல போகுது, அணைச்சா இறங்குது. லைட் போட்டா ஆயில் எப்படிங்க சூடாகும்?

அகோஜீ எஞ்சினைப் பிரிக்கணும்ங்கிறார். பட்டறை ஸயா (மேஸ்திரி) ரேடியேட்டரை மாத்தணும்ங்கிறார். ரெண்டுமே என் காசு. செலவு பண்றதுக்கு முன்னாடி, மீட்டர் பொய் சொல்லுதா இல்ல எஞ்சின் நெஜமாவே வேகுதான்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

பெகு டயர்கடை

15டபிள்யூ-40 ஊத்தறீங்களா? 20டபிள்யூ-50க்கு மாறுங்க, அது இன்னும் கெட்டியான ஆயில். நம்ம வெயிலுக்கு அதுதான் தாங்கும். அப்புறம் மீட்டரைப் பாக்கவே வேண்டாம்.

ஒத்த லாரிக்காரி (ரங்கூன்)

ஆயிலை மாத்தினா, லைட் போட்டா முள் ஏறுறது நின்னுடுமா அண்ணே?

மோல்மேன் வயரிங்

தங்கச்சி, லைட் விஷயத்தை நீங்களே பிடிச்சிட்டீங்க. அங்க இருந்தே ஆரம்பிப்போம்.

மீட்டருக்கு டிகிரின்னா என்னன்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஓம் மட்டும்தான். எஞ்சின்ல மாட்டியிருக்கிற சென்சாருக்குள்ள இருக்கிற பொருளுக்கு சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். மீட்டருக்குள்ள ரெண்டு காயில். ஒண்ணு சாவி போட்டா வர்ற கரண்டுக்கும் சென்சார் ஒயருக்கும் நடுவுல, இன்னொண்ணு சென்சார் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல. இந்த ரெண்டும் எவ்வளவு இழுக்குதோ அந்தக் கணக்குலதான் முள் நிக்கும். சென்சார் தன் எர்த்தை எஞ்சின் பிளாக்குல எடுக்குது. மீட்டர் எங்க எடுக்குது? பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு அடியில ஏதோ ஒரு துருப்பிடிச்ச போல்ட்ல. ஹெட்லைட் எர்த்தும் அதே போல்ட்ல சேர்ந்திருந்தா முடிஞ்சுது கதை. 24 வோல்ட் வண்டியில 70 வாட் பல்பு ரெண்டு எரிஞ்சா சுமார் 6 ஆம்பியர். அவ்வளவும் அந்தத் துரு வழியாப் போனா மீட்டரோட எர்த் பிளாக்கை விட அரை வோல்ட், ஒரு வோல்ட் மேல நிக்கும். ரெண்டாவது காயில் தளர்ந்து போகும். சென்சார் சூடாயிருச்சுன்னு மீட்டர் நினைச்சுக்கும். முள் ஏறும்.

முதல்ல இதைச் செய்ங்க. சாவி போட்டு, எஞ்சின் ஓடாம, சென்சார்ல இருந்து ஒயரைக் கழட்டுங்க. முள் அடியில விழணும். அந்த ஒயரைப் பிளாக்குல ஒரு நொடி தொடுங்க. முள் 150ஐ தாண்டி அடிக்கணும். ரெண்டும் நடந்தா மீட்டரும் ஒயரும் உயிரோட இருக்கு. அப்புறம் மீட்டர் எர்த்துக்கு தனியா ஒரு ஒயர் இழுத்து நேரா எஞ்சின் பிளாக்குல கட்டிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு அணைச்சுப் பாருங்க. முள் அசையலைன்னா அந்த நோய் தீர்ந்துச்சு.

சென்சார் மரையில டெஃப்லான் டேப்பை மொத்தமா சுத்தி வச்சா இதுக்கு நேர்மாறா நடக்கும். ரெசிஸ்டன்ஸ் கூடி, இருக்கிறதை விடக் குறைச்சுக் காட்டும். அதுதான் உண்மையிலேயே ஆபத்து, ஏன்னா யாருமே கவலைப்பட மாட்டாங்க.

உங்க மீட்டர் 24 வோல்ட்ங்கிறதால தப்பிச்சீங்க. தட்டோன் பக்கம் ஒரு வண்டியில 12 வோல்ட் மீட்டரை ரெண்டு பேட்டரிக்கு நடுவுல இருந்து ஒயர் எடுத்து மாட்டியிருந்தாங்க. மீட்டர் என்னமோ ஓடுச்சு. ஆனா கீழ் பேட்டரி இறங்கிக்கிட்டே இருந்துச்சு, மேல் பேட்டரிக்கு சார்ஜ் ஓவரா ஏறிக்கிட்டே இருந்துச்சு. பேட்டரிக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

ஒண்ணு மட்டும் இடிக்குது. லைட் போட்டா 'இன்னும் கொஞ்சம்'தான் மேல போகுதுன்னு எழுதியிருக்கீங்க, அப்போ லைட் இல்லாமலே 138 காட்டுது. எர்த் மட்டும் காரணம்னா அவ்வளவு வராது. இன்னொண்ணும் இருக்கு.

நாமக்கல் டீசல்

இந்தியாவுல இருந்து எழுதுறேன். எங்க ஊர்ல லாரிக்குப் பஞ்சமில்ல, இந்த வியாதியும் புதுசில்ல.

ரெண்டு கேள்வி. சென்சார் எஞ்சின்ல எந்த இடத்துல உக்காந்திருக்கு? மீட்டர் டப்பாவுல வந்த அதே சென்சாரா அது, இல்ல வேறயா? அறுகோணத் தலையில ஏதாவது நம்பர் அடிச்சிருந்தா படம் எடுத்துப் போடுங்க.

ஆயில் நெஜமாவே 140 போயிருந்தா ஐடில்ல பிரஷர் கட்டாயம் இறங்கியிருக்கணும். 15டபிள்யூ-40 மாதிரி 40 கிரேடு ஆயிலுக்கு 100 டிகிரியில இருக்க வேண்டிய பிசுபிசுப்பு 12.5ல இருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸ். 120 டிகிரிக்குப் போனாலே அதுல மூணுல ஒரு பங்கு காணாமப் போயிடும். 140ல இன்னும் தண்ணியாகும். உங்க பிரஷர் முள் அசையலைங்கிறீங்க. அதனால நான் மீட்டர் பக்கம்தான் சந்தேகப்படுவேன். அதே நேரம் தண்ணி முள் நடுவுல நிக்குதுன்னு ரொம்ப தைரியமும் வேண்டாம். பல வண்டிகள்ல அந்த முள்ளை, சூடு கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் நடுவுலயே நிக்கிற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க.

ஒத்த லாரிக்காரி (ரங்கூன்)

மீட்டர் மாட்டின கடைக்குப் போன் போட்டேன். டப்பாவுல வந்த சென்சார் பிளாக்குல ரெண்டு சுத்துக்கு மேல போகலையாம். அதனால அவங்க டிராயர்ல இருந்து "மரை சரியா இருக்கிற" வேற ஒண்ணை எடுத்துப் போட்டாங்களாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இடம், ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்துல மெயின் கேலரியில (பிளாக்குக்குள்ள ஆயில் ஓடுற பெரிய வழி) சின்ன பிளக் (மரை போட்ட அடைப்பு) இருந்த இடம்.

டப்பாவும் பழைய சென்சாரும் வீட்டுல பத்திரமா இருக்கு. எங்க அப்பா காலி டப்பாவைக்கூட தூக்கிப் போட விடமாட்டார், அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. டப்பாவுல இருந்த சென்சார்ல 150னு அடிச்சிருக்கு. வண்டியில இருக்கிறதுல 120னு அடிச்சிருக்குன்னு அகோஜீ டார்ச் அடிச்சுப் பார்த்துச் சொன்னார்.

நாமக்கல் டீசல்

கிடைச்சிருச்சு. 120 போட்டது தண்ணிக்குப் போடுற சென்சார். உங்க மீட்டர் 150 ஆயில் சென்சாருக்குன்னு செஞ்சது. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான், கணக்கு வேற.

பரவலா இருக்கிற ஐரோப்பிய வகையில, 150 சென்சார் 100 டிகிரியில சுமார் 62 ஓம் காட்டும். அதே 100 டிகிரியில 120 சென்சார் 40க்கும் கீழ, 38 பக்கம் காட்டும். உங்க மீட்டர் 38 ஓமைப் பார்த்தா என்ன நினைக்கும்? 150 சென்சார்ல 38 ஓம்னா கிட்டத்தட்ட 118 டிகிரி. சமதரையில நீங்க பார்த்த நம்பர் ஞாபகம் இருக்கா? ஆயில் சூடு 115 ஆனா 120 சென்சார் 25 ஓம் பக்கம் வரும், அதை மீட்டர் 135க்கு மேலன்னு படிக்கும். கலோ மேட்டுல பார்த்ததும் வந்துருச்சு.

உங்க எஞ்சின் சமதரையில 100, மேட்டுல 115 ஓடுது. சுமை ஏத்தின டீசலுக்கு அது ஒண்ணும் விசேஷமில்ல. இது என் ஊகம்தான். கொதிக்கிற தண்ணியில சென்சாரைப் போட்டுப் பாருங்க, 118 காட்டினா ஊகம் சரி.

மரை ஏன் சேரலைங்கிறதையும் சொல்லிடறேன். டப்பாவுல வந்தது அமெரிக்க என்பிடி 1/8 மரையா இருக்கும், ஒரு அங்குலத்துக்கு 27 சுத்து. ஜப்பான் எஞ்சின்ல பிடி 1/8, அங்குலத்துக்கு 28. ரெண்டு சுத்து ஒழுங்காப் போயி அப்புறம் கடிச்சிக்கும். முறுக்கி ஏத்தியிருந்தா பிளாக் மரை போயிருக்கும். அந்தப் பையன் முறுக்காம விட்டதுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

தவுன்ஜீ மாமா

தண்ணி கொதிக்க வச்சுப் பாக்குறதா இருந்தா ரங்கூன்ல வச்சே பாரு பாப்பா, இங்க மேல வந்து செய்யாதே. தவுன்ஜீ சுமார் 1,400 மீட்டர் உயரம், இங்க தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சிரும். முன்னாடி எங்க பட்டறையில ஒரு பையன் நல்ல மீட்டரை எல்லாம் "அஞ்சு டிகிரி குறைச்சலாக் காட்டுது"ன்னு ஒதுக்கி வச்சிக்கிட்டிருந்தான். குக்கர் இல்லாம சோறு வேகாத ஊர்ல தெர்மாமீட்டர் கடை வைக்கலாமான்னு கேட்டேன்.

செய்முறை: சென்சார் நுனி மட்டும் தண்ணிக்குள்ள இருக்கணும், பாத்திரத்து அடியில தொடக்கூடாது, அடி இன்னும் சூடா இருக்கும். மேல் ஒயர் வண்டி ஒயரோட, சென்சார் உடம்புல இருந்து இன்னொரு ஒயர் எஞ்சின் பிளாக்குக்கு. அந்த ரெண்டாவதை மறந்தா முள் அசையாது, அப்புறம் மீட்டர் செத்துருச்சுன்னு அழுவே.

துப்பாக்கி மாதிரி நீட்டி சூடு பாக்குற கருவி இருக்கே, அதை சம்ப் (எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டி) மேல நேரா அடிக்காதே. பளபளன்னு இருக்கிற உலோகத்துல அது குறைச்சுத்தான் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதுமேல அடிச்சா பரவாயில்ல. அதை விட நல்லது மல்டிமீட்டரோட வர்ற சூடு பாக்குற ஒயர். எஞ்சினை நிறுத்தின உடனே டிப்ஸ்டிக் ஓட்டை வழியா விடு. டிப்ஸ்டிக் நீளத்துக்கு மேல விடாதே. எஞ்சின் ஓடும்போது விடவே விடாதே.

ஒத்த லாரிக்காரி (ரங்கூன்)

வண்டி நேத்து இறங்கிச்சு. தக்காளி போனதும் பாயிண்ட்நாங் பக்கத்துலயே நிறுத்தி வச்சு எல்லாத்தையும் செஞ்சோம். கரண்ட் இல்ல, அதனால டீக்கடைக்காரர்கிட்ட கேஸ் அடுப்பு இரவல். லோடு இறக்குற பசங்க எல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தாங்க. லாரிக்கு சூப் வைக்கிறீங்களான்னு ஒருத்தன் கேட்டான்.

ஒயரைக் கழட்டினா முள் அடியில, பிளாக்குல தொட்டா 150 தாண்டி. மோல்மேன் அண்ணன் சொன்ன மாதிரியே. மீட்டர் எர்த் வைப்பர் மோட்டார் பக்கத்து போல்ட்ல இருந்துச்சு, ஹெட்லைட் எர்த்தும் அதே போல்ட். துரு விரல்ல ஒட்டுச்சு. தனி ஒயர் இழுத்துப் பிளாக்குல கட்டின பிறகு லைட் போட்டாலும் முள் நகரல. பழைய போல்ட்டையும் தேய்ச்சு மாட்டினோம்.

அப்புறம் கொதிதண்ணி. 120 சென்சாரைப் போட்டா மீட்டர் 118க்கும் 120க்கும் நடுவுல. மல்டிமீட்டர் 38 ஓம். டப்பா சென்சாரைப் போட்டா முள் சரியா 100 கோட்டுலயே நின்னுச்சு. அகோஜீ ஒண்ணும் பேசல. தானே ரெண்டு சென்சாரையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தார். அப்புறம் அடுப்பை அணைச்சார்.

இப்ப என் கேள்வி: 150 சென்சாரை எப்படி மாட்டுறது? கடைசல் பட்டறையில நீளமா ஒரு அடாப்டர் போட்டுத் தர்றேங்கிறாங்க.

நாமக்கல் டீசல்

நீள அடாப்டர் வேண்டவே வேண்டாம். சென்சார் நுனி குழாய்க்குள்ள பின்னாடி போயிடும், அந்த முட்டுச்சந்துல ஆயில் ஓடாது. இருக்கிறதை விடக் குறைச்சுக் காட்டும். இவ்வளவு நாள் கூட்டிக் காட்டிப் பயமுறுத்துச்சு, இனி குறைச்சுக் காட்டி ஏமாத்தும்.

கேலரியில இன்னும் பெரிய பிளக் ஏதாவது இருக்கும், பிடி 3/8 மாதிரி. அதைக் கழட்டி, அந்த பிளக்கோட நடுவுல துளை போட்டு என்பிடி 1/8 மரை வெட்டச் சொல்லுங்க. சென்சார் நுனி ஆயில் ஓட்டத்துக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கணும், அதைக் கழட்டின கையோட அளந்து பாருங்க. டேப் வேண்டாம். மரைக்குப் போடுற திரவ சீலன்ட் கொஞ்சம், அதுவும் முதல் ரெண்டு சுத்தை விட்டுட்டு. பிளக்கும் சென்சாரும் உலோகத்தோட உலோகம் தொடணும், எர்த் அது வழியாத்தான். துளை போட்ட தூளை நல்லாக் கழுவிட்டு மாட்டுங்க, கேலரிக்கு அடுத்த ஸ்டாப் பேரிங்.

ஒத்த லாரிக்காரி (ரங்கூன்)

பெரிய பிளக் இருந்துச்சு, மாட்டியாச்சு. வண்டி தவுன்ஜீ போய்ச் சேர்ந்துருச்சு. சமதரையில 98ல இருந்து 102. கலோ மேட்டுல 114, ஒரு தடவை 116. ரேடியேட்டர் வாங்கல, எஞ்சினைப் பிரிக்கல. பட்டறை ஸயாவுக்கு மனசு கேக்கல, ஃபேன் பெல்ட்டையாவது மாத்துன்னார். பெல்ட் நெஜமாவே விரிசல் விட்டிருந்துச்சு, அதை மாத்தினேன்.

அகோஜீ கேக்கச் சொன்னது: எந்த நம்பர் வந்தா வண்டியை நிறுத்தணும்?

தவுன்ஜீ மாமா

நான் பசங்களுக்குச் சொல்றது இதுதான். மேட்டுல 120 வரைக்கும் பேசாம ஓட்டு. 125 வந்து இன்னும் ஏறிக்கிட்டே இருந்தா ஒரு கியர் இறக்கு. பெரிய கியர்ல முக்கி முக்கி ஏறினா எஞ்சினுக்கு சுமை கூட, தண்ணி பம்பும் ஃபேனும் மெதுவா சுத்தும். சின்ன கியர்ல சுத்து கூட்டி ஏறினா ரெண்டும் வேகமா சுத்தும், முள் இறங்கும். அப்படியும் 130ஐ தொட்டா இடம் பார்த்து நிறுத்து, ஆனா சாவியை உடனே திருகாதே. கொஞ்சம் சுத்து கூட்டின ஐடில்ல ஓட விடு, சூடு தானா இறங்கட்டும்.

இன்னொண்ணு. உன் சென்சார் இருக்கிறது கேலரியில, அதாவது கூலரைத் தாண்டி வந்த ஆயில். சம்ப்ல அதை விடக் கூடத்தான் இருக்கும். அதனால வேற ஒருத்தன் சம்ப்ல மாட்டின மீட்டரோட உன் நம்பரை ஒப்பிட்டுக்கிட்டு உக்காராதே. உன் வண்டிக்கு உன் வழக்கமான நம்பர் எதுன்னு அகோஜீக்குத் தெரிஞ்சா போதும். அதே சுமை, அதே மேடு, ஆனா 10 டிகிரி கூடக் காட்டுதுன்னா அன்னைக்குப் போன் பண்ணு.

மோல்மேன் வயரிங்

அந்த போல்ட்டைத் தேய்ச்சதுல ஹெட்லைட்டும் வெளிச்சமா ஆயிருக்குமே?

ஒத்த லாரிக்காரி (ரங்கூன்)

ஆமா அண்ணே. அகோஜீ அதைத்தான் முதல்ல சொன்னார். 116ஐ பத்தி அப்புறம்தான் சொன்னார்.

பெகு டயர்கடை

சரி, ஆயில் பத்தி நான் சொன்னதை விட்டுடுங்க. எங்க மச்சான் வண்டியில ஆயில் டெம்ப் எப்பவுமே 60தான் காட்டும், பெகுல இருந்து மோல்மேன் வரைக்கும். எஞ்சின் நல்லா குளுகுளுன்னு ஓடுதுன்னு பெருமையா சொல்லிக்கிட்டிருக்கான். அது சரியா?

நாமக்கல் டீசல்

சென்சாரை பிரஷர் சென்சாரோட சேர்த்து ஒரு டீ (T வடிவ) ஜாயிண்ட்ல, ஆயில் ஓடாத இடத்துல மாட்டியிருப்பார், இல்ல மரையில டேப் சுத்தியிருப்பார். சுமையோட அவ்வளவு தூரம் ஓடின டீசல்ல 60 இருக்காது. முதல்ல கொதிதண்ணியில போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அதுல சரியாக் காட்டினா டீ ஜாயிண்டைக் கழட்டி, ஆயில் ஓடுற இடத்துல மாட்டணும்.